பவித்ர பிரபாகர் (இந்திய ஸ்பைடர்-மேன்)

பவித்ர பிரபாகர் என்பது அமெரிக்காவின் மார்வெல் காமிக்ஸ் வரைகதைகளில் வரும் ஒரு கற்பனைக் கதாபாத்திரம். மும்பையில் படிக்கும் பள்ளி மாணவன். சிலந்தியின் ஆற்றல் பெற்ற இளம் மீநாயகன். 2004-ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட 'ஸ்பைடர்-மேன்: இந்தியா' என்னும் நான்கு இதழ்த் தொடரில் அறிமுகமானான். சரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஜீவன் ஜே. காங் ஆகிய மூவரும் இவனை உருவாக்கினர். மார்வெலின் கதைகளில் ஒவ்வோர் உலகத்துக்கும் ஓர் எண் உண்டு. இவனுடைய உலகம் 'புவி-50101'. கலைக்களஞ்சியக் கட்டுரைகளில் 'இவர்', 'ஆவார்' என்று எழுதுவதே வழக்கம். ஆனாலும் பள்ளிச் சிறுவனை 'அவன்' என்று சொல்வதுதான் எனக்கு இயல்பாக இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

மீநாயகர் வரிசையில் இவன் சிறிய ஆள்தான். சொந்தப் பெயரில் வந்த இதழ்கள் மிகக் குறைவு. 2023-இல் வெளியான ஓர் அசைபடத்தில் சில நிமிடங்கள் தோன்றிய பிறகே நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு இவன் பெயர் தெரிய வந்தது. ஆயினும் ஒரு வெளிநாட்டுக் கதையை நம் மண்ணுக்குக் கொண்டுவரும்போது எது நிற்கும், எது உதிரும் என்று பார்க்க இவனைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மூலக்கதை

ஸ்பைடர்-மேன் முதன்முதலில் 1962 ஆகஸ்ட் மாதத் தேதியிட்ட 'அமேசிங் ஃபேன்டசி' 15-ஆம் இதழில் தோன்றினான். ஸ்டான் லீ எழுதினார், ஸ்டீவ் டிட்கோ வரைந்தார். அதுவரை அமெரிக்க வரைகதைகளில் பதின்வயதுச் சிறுவர்கள் பெரும்பாலும் பெரிய நாயகனுக்குத் துணைவர்களாகவே வந்தார்கள். 1940-இல் பேட்மேனுக்குத் துணையாக வந்த ராபின் அதற்கு நல்ல சான்று. பில்லி பேட்சன் என்னும் சிறுவன் அதே 1940-இல் தனி நாயகனாகவே வந்தான். ஆனால் அவனும் மந்திரச் சொல்லைச் சொன்னதும் வளர்ந்த ஆளாகிவிடுவான். பீட்டர் பார்க்கர் அப்படியல்ல. பலசாலியான பின்பும் பள்ளி மாணவனாகவே இருந்தான். வாடகைக்குக் காசு இல்லை, வகுப்பில் கேலி, வீட்டில் வயதான சித்தப்பா சித்தி. கதிரியக்கம் ஏறிய சிலந்தி ஒன்று கடித்து அவனுக்கு ஆற்றல் வருகிறது. அதைக் காசாக்கப் பார்க்கிறான். கண்ணெதிரே ஓடிய திருடனை, தனக்கென்ன என்று விட்டுவிடுகிறான். பிறகு அதே திருடனால் சித்தப்பா பென் கொல்லப்படுகிறார். குற்ற உணர்வில்தான் அந்தச் சிறுவன் நாயகனாகிறான். இந்த முடிச்சு இல்லாவிட்டால் ஸ்பைடர்-மேன் வெறும் சுவரேறி.

பெயர் சூட்டிய விதம்

இந்தியத் தொடரைப் படிக்கும்போது முதலில் கவனத்துக்கு வருவது பெயர்கள். பீட்டர் பார்க்கர் 'பவித்ர பிரபாகர்' ஆனான். சித்தி மே 'மாயா' ஆனார். சித்தப்பா பென் 'பீம்' ஆனார். காதலி மேரி ஜேன் 'மீரா ஜெயின்' ஆனாள். எதிரி நார்மன் ஆஸ்பார்ன் 'நளின் ஓபராய்' ஆனான். ஆங்கில முதலெழுத்துகள் அப்படியே நிற்கின்றன, ஒலியும் ஏறக்குறைய நிற்கிறது, மனிதர்கள் மட்டும் மாறிவிட்டார்கள்.

இது அமெரிக்க நிறுவனம் கண்டுபிடித்த வித்தை என்று யாரும் எண்ண வேண்டாம். தமிழ் நாடக மேடையில் நூறாண்டுக்கு முன்பே செய்து காட்டியவர் பம்மல் சம்பந்த முதலியார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை அவர் 'அமலாதித்யன்' ஆக்கினார், மேக்பெத்தை 'மகபதி' ஆக்கினார், சிம்பலினைச் 'சிம்ஹளநாதன்' ஆக்கினார். வெனிஸ் நகரம் 'வாணீபுரம்' ஆயிற்று. மூலப்பெயரின் ஒலி காதில் விழ வேண்டும், ஆனால் ஆள் நம் ஊர் அரசகுமாரனாகத் தெரிய வேண்டும் என்பதே அவருடைய கணக்கு. ஆரணி குப்புசாமி முதலியார் போன்றோர் ஆங்கிலத் துப்பறியும் நாவல்களைத் தழுவி எழுதியதும் இந்த வழியில்தான். 'மொழிபெயர்ப்பு' வேறு, 'தழுவல்' வேறு என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். இதற்கு ஓர் ஆங்கிலச் சொல்லும் புழங்குகிறது. நமக்குத் தழுவல் என்ற பழைய சொல்லே போதும்.

பெயரைப் பற்றி இன்னொன்று. 'பவித்ர' என்று எழுதினால் தமிழ் வாசகருக்குப் பெண்பிள்ளையின் பெயர்தான் நினைவுக்கு வரும். நம் வகுப்பு வருகைப் பதிவேடுகளில் பவித்ராக்களுக்குப் பஞ்சமில்லை. சடங்குகளில் விரலில் அணியும் தர்ப்பை மோதிரத்துக்கும் பவித்திரம் என்றே பெயர். வடக்கே ஆண்பெயராக ஒலிக்கும் ஒரு சொல் காவிரிக்கரையில் வேறாக ஒலிக்கிறது. 'இந்தியாவுக்கு' என்று ஒரே ஒரு தழுவல் செய்துவிட முடியாது என்பதற்கு இந்தச் சிறு செய்தியே போதும்.

தொடர் உருவான சூழல்

இந்தியாவில் மார்வெல், டிசி நிறுவனங்களின் இதழ்களை மறுபதிப்புச் செய்துவந்த 'கோதம் என்டர்டெயின்மென்ட் குரூப்' 2004-இல் மார்வெலுடன் சேர்ந்து இத்தொடரை அறிவித்தது. 'ஸ்பைடர்-மேன் 2' திரைப்படம் வந்த ஆண்டும் அதுவே. முந்தைய படம் தமிழ் பேசி நம் திரையரங்குகளுக்கு வந்தபோதே சிலந்தி மனிதன் சிறுவர்களிடம் செல்லப்பிள்ளையாகிவிட்டான். இந்தியத் தொடருக்கு ஓவியம் ஜீவன் காங். அமெரிக்காவில் இது 2005 ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான தேதிகளுடன் நான்கு இதழ்களாக வந்தது. பின்னர் தொகுப்பு நூலாகவும் வெளியானது.

அதற்கு முன் இந்தியாவில் இளவயது நாயகர்களே இல்லை என்பதல்ல. இந்தியில் ராஜ் காமிக்ஸ் நிறுவனம் 1987-இல் 'சூப்பர் கமாண்டோ துருவா'வை அறிமுகம் செய்தது. அனுபம் சின்ஹா படைத்த அவன் சர்க்கஸ் கூடாரத்தில் வளர்ந்த பையன். மந்திரமோ கதிரியக்கமோ கிடையாது. அறிவும் பயிற்சியுமே அவன் பலம். நம் தமிழில் 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழிலேயே 'இரும்புக்கை மாயாவி' வந்துவிட்டார். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அவர் பிரிட்டிஷ் கதாபாத்திரம், வளர்ந்த ஆள். சிறுவர்கள் ரசித்தார்கள், ஆனால் தங்களைப் போன்ற ஒரு சிறுவனை அங்கே காணவில்லை.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸைப் படித்து வளர்ந்தவர்களிடம் 'ஸ்பைடர்' என்றால் கூர்மண்டையும் நீண்ட காதுகளும் கொண்ட, வலைத்துப்பாக்கி ஏந்திய ஒருவரைத்தான் சொல்வார்கள். அவருக்கும் ஸ்பைடர்-மேனுக்கும் எந்த உறவும் இல்லை. அவர் 1965-இல் பிரிட்டனின் 'லயன்' வார இதழில் பிறந்தவர். குற்றவாளிகளின் அரசனாகத் தொடங்கிப் பின் குற்றவாளிகளையே வேட்டையாடியவர். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் அவருக்குப் பல கதைகள் எழுதினார். தாத்தா சொல்லும் ஸ்பைடர் ஒருவர், பேரன் சொல்லும் ஸ்பைடர் வேறொருவர்.

கதைச் சுருக்கம்

பவித்ர பிரபாகர் கிராமத்துப் பையன். படிப்பில் கெட்டிக்காரன். உதவித்தொகை கிடைத்ததால் மும்பையில் பெயர்பெற்ற ஒரு பள்ளியில் சேர்கிறான். மாயாவும் பீமும் அவனோடு நகரத்துக்குக் குடிபெயர்கிறார்கள். பள்ளியில் அவன் உடையையும் நாட்டுப்புறத் தோற்றத்தையும் மற்ற மாணவர்கள் கேலி செய்கிறார்கள், துரத்தி அடிக்கிறார்கள். மீரா ஜெயின் மட்டும் நட்பாகப் பழகுகிறாள்.

இன்னொரு பக்கம் நளின் ஓபராய் என்ற பெரும்புள்ளி ஒரு பழங்காலத் தாயத்தைக் கொண்டு சடங்கு செய்து அசுர உலகின் வாசலைத் திறக்கிறான். அவனுக்குள் அரக்கன் புகுந்துகொள்கிறான். மூலக்கதையின் 'கிரீன் காப்ளின்' இங்கே ராட்சசனாகிறது. சாதுவான ஒரு மருத்துவரையும் அவன் 'டாக்டர் ஆக்டோபஸ்' ஆக மாற்றிவிடுகிறான்.

மாணவர்கள் துரத்த ஓடும் பவித்ர ஒரு யோகியைச் சந்திக்கிறான். தீமையை எதிர்க்கச் சிலந்தியின் ஆற்றலை அவர் அவனுக்கு அளிக்கிறார். கூரைக்குக் கூரை தாவும் மகிழ்ச்சியில் இருக்கும் நேரத்தில், ஒரு பெண்ணைச் சிலர் சூழ்ந்து தாக்குவதைக் கண்டும் அவன் விலகிப் போய்விடுகிறான். அந்தப் பெண்ணைக் காக்கப் போன பீம் குத்திக் கொல்லப்படுகிறார்.

இந்த இடத்தில் தழுவல் மூலத்தைவிடக் கனமாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பீட்டர் விட்டது ஓடுகிற ஒரு திருடனை. பவித்ர விட்டது உதவி கேட்டு அலறும் ஒருத்தியை. நகரத் தெருவில் பலர் பார்த்தும் பாராமல் நடந்துபோகும் காட்சி அது. கிராமத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் மட்டும் அப்படிப் போகத் தெரியாதவராக இருக்கிறார். அதற்கு உயிரைக் கொடுக்கிறார். படக்கதையில் ஒரு சில பக்கங்கள்தான் வரும். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளையோடு பேச அந்தப் பக்கங்களில் விஷயம் இருக்கிறது.

இறுதியில் ஓபராய், மாயாவையும் மீராவையும் கடத்துகிறான். பவித்ரவையும் அசுரர் வசப்படுத்த முயல்கிறான். பீமின் சொற்களை நினைத்துப் பையன் மீள்கிறான். தாயத்து கடலில் விழுகிறது, ஓபராய் வீழ்கிறான், கதை தீபாவளியோடு முடிகிறது. கடலுக்கடியில் ஏதோ ஒன்று இன்னும் மிச்சமிருக்கிறது என்று காட்டி அடுத்த பாகத்துக்கு வாசல் வைத்தார்கள். அடுத்த பாகம் வரவில்லை.

வேட்டி

பவித்ரவின் உடை பலருக்குச் சிரிப்பை வரவழைத்தது. மேலே சிலந்தி வலை போட்ட சிவப்புச் சட்டையும் முகமூடியும். கீழே கச்சம் வைத்துக் கட்டிய வேட்டி. காலில் முனை வளைந்த வடநாட்டுக் காலணி. சுவரில் ஏறுகிறவனுக்கு வேட்டி எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் கச்சம் கட்டிக்கொண்டு பனையேறியவர்களையும் கிணற்றில் இறங்கியவர்களையும் கொல்லிமலை அடிவாரத்து ஊர்க்காரர்களான எங்களுக்குத் தெரியும். வேலைக்கு உதவாத உடை அல்ல அது.

இதில் முக்கியமான ஒன்று உண்டு. பள்ளியில் எந்த உடைக்காக அவனைக் கேலி செய்தார்களோ, அதே உடையை அணிந்துதான் அவன் நகரத்தைக் காக்கிறான். இதை வெறும் சுற்றுலா அலங்காரம் என்று ஒதுக்குவதற்கு முன் 2014-ஐ நினைத்துப் பார்க்கலாம். அவ்வாண்டு சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்றத்தில் நடந்த விழாவுக்கு வேட்டி அணிந்து வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் உள்ளே விடப்படவில்லை. சட்டப்பேரவையில் பேச்சு எழுந்தது. பொது இடங்களில் வேட்டி போன்ற மரபுடைக்குத் தடை விதிப்பதைத் தண்டனைக்குரியதாக்கித் தமிழ்நாட்டில் அதே ஆண்டு சட்டமும் வந்தது. நீதிபதிக்கே அந்த நிலை என்றால், எருமப்பட்டியிலிருந்தோ பவித்திரத்திலிருந்தோ சென்னைக்குப் படிக்கப் போகும் ஒரு பையனின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது வேட்டி கட்டிப் பள்ளிக்குப் போகிறவர் யாருமில்லை. கேலி, பேச்சுக்கும் ஊர்ப்பெயருக்கும் இடம் மாறிவிட்டது. 'உன் ஊர் பேரே எருமையா?' என்ற கேள்வியைக் கேட்காமல் விடுதியில் ஓராண்டை முடித்த எங்கள் ஊர்ப் பிள்ளை அரிது.

யோகியா, சிலந்தியா

இத்தொடரின் பெரிய பலவீனம் யோகி. மூலக்கதையில் அறிவியல் கண்காட்சி, கதிரியக்கம், ஆய்வுக்கூடம் எல்லாம் இருந்தன. 1962-இல் அணுகுண்டு அச்சம் உலகெங்கும் இருந்த காலம் என்பதால் கதிரியக்கச் சிலந்தி அக்காலத்தின் பிள்ளை. இந்தியாவுக்கு வந்ததும் அறிவியல் போய் யோகி, தாயத்து, ராட்சசன் வந்துவிட்டார்கள். நம் புராண மரபோடு இணைக்க வேண்டும் என்பது படைத்தவர்களின் எண்ணம். அதில் தவறு காண வேண்டியதில்லை. வரம் பெற்றவர் கதைகள் நம்மிடம் ஏராளம்.

ஆனால் கதை நடப்பது மும்பையில். டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் இருக்கும் நகரம் அது. அங்கே 1956-இலேயே 'அப்சரா' அணு உலை இயங்கத் தொடங்கிவிட்டது. கதிரியக்கச் சிலந்தி கடிப்பதற்கு அதைவிடப் பொருத்தமான ஊர் நாட்டில் இல்லை. அறிவியல் என்றால் அமெரிக்கா, மந்திரம் என்றால் இந்தியா என்ற பழைய பிரிவினைக்குள் கதை விழுந்துவிட்டது. உதவித்தொகையில் படிக்க வந்த கெட்டிக்காரப் பையனுக்குத் தன் படிப்பைப் பயன்படுத்த இந்தக் கதையில் பெரிய வேலையும் இல்லாமல் போயிற்று. படிப்புக்காக ஊரைவிட்டு வந்தவனைப் படிப்பால் வெல்ல விட்டிருக்கலாம்.

பத்தாண்டு இடைவெளி

2005-க்குப் பிறகு பவித்ர ஏறக்குறைய காணாமல் போனான். படைத்தவர்கள் வேறு வேலைகளுக்குப் போனார்கள். 2006-இல் 'விர்ஜின் காமிக்ஸ்' உருவானது. பின்னர் அது 'லிக்விட் காமிக்ஸ்' ஆயிற்று. சரத் தேவராஜன் பின்னாளில் ஸ்டான் லீயுடன் சேர்ந்து 'சக்ரா' என்ற இன்னொரு மும்பைச் சிறுவனை நாயகனாக்கினார். ராஜு ராய் என்னும் அந்தச் சிறுவன் அறிவியல் கருவி ஒன்றால் ஆற்றல் பெறுகிறான். மேலே சொன்ன குறை அங்கே ஓரளவு தீர்ந்தது எனலாம்.

2014-இல் மார்வெல் 'ஸ்பைடர்-வெர்ஸ்' என்ற பெருங்கதையைத் தொடங்கியது. பல உலகங்களிலுள்ள சிலந்தி நாயகர்களை வேட்டையாடும் ஒரு குடும்பத்தை எதிர்த்து எல்லாரும் ஒன்றுகூடும் கதை. கூட்டத்தில் ஒருவனாகப் பவித்ரவும் திரும்பி வந்தான். அடுத்து வந்த 'வெப் வாரியர்ஸ்' தொடரில் ஒரு சிறு குழுவில் நிலையான இடம் பெற்றான். அதே 2014-இல் பாகிஸ்தானிய அமெரிக்கச் சிறுமி கமலா கான் 'மிஸ் மார்வெல்' என்ற பெயரில் தனித்தொடர் பெற்றதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவள் யாருடைய தழுவலும் அல்லள். சொந்த வீடு, சொந்தச் சிக்கல்கள் கொண்ட புதுப்பாத்திரம். அவள் விரைவில் பெரிய நாயகியானாள், பவித்ர சிறு பாத்திரமாகவே நின்றான்.

2023: மும்பாட்டன்

2023 ஜூனில் 'ஸ்பைடர்-மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்' அசைபடம் வெளிவந்தது. தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றில் திரையிடப்பட்டது. ஆங்கிலத்தில் பவித்ரவுக்குக் கரண் சோனி குரல் கொடுத்தார். இந்தி, பஞ்சாபிப் பதிப்புகளில் கிரிக்கெட் வீரர் சுப்மன் கில் பேசினார். அவன் ஊர் 'மும்பாட்டன்': மும்பையும் மன்ஹாட்டனும் கலந்த நகரம். தமிழ்க் காதுக்கு முப்பாட்டன் போல ஒலித்தால் குற்றம் நம்முடையதல்ல.

திரைப்படத்துப் பவித்ர வேறு பிள்ளை. அலையும் கூந்தல், காப்பு போன்ற வலைக்கருவி, வாய் நிறையப் பேச்சு, எதற்கும் கவலையில்லை. தேநீரைக் குறிக்கும் சொல்லை இரண்டு மொழிகளில் சேர்த்துச் சொல்லும் வெளிநாட்டாரை அவன் கிண்டல் செய்யும் இடத்தில் திரையரங்குகள் சிரித்தன. பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் கேலிக்கு ஆளான உதவித்தொகைப் பையனைப் படத்தில் காணோம். பழைய தொடரில் நமக்கு மிக நெருக்கமாக இருந்தது அவன்தான்.

அதற்குப் பதிலாகப் படம் வேறொன்றைத் தருகிறது. இங்கே அவன் காதலி காயத்ரி சிங், அவள் தந்தை காவல் அதிகாரி சிங். மூலக்கதையில் க்வென் ஸ்டேசியும், 1970-இல் ஒரு குழந்தையைக் காக்கப் போய் உயிர்விட்ட அவள் தந்தை காவல் அதிகாரி ஸ்டேசியும் இருந்தார்கள். அதே முதலெழுத்து விளையாட்டுத்தான். எல்லா ஸ்பைடர்-மேன்களின் வாழ்விலும் நெருக்கமான ஒரு காவல் அதிகாரி இறந்தே தீர வேண்டும், அதுவே விதி என்கிறான் மிகேல் ஓஹாரா. ஆனால் மும்பாட்டன் நகரில் பேரிடர் நிகழும்போது மைல்ஸ் மொராலெஸ் என்ற இன்னொரு சிலந்திச் சிறுவன் சிங்கைக் காப்பாற்றிவிடுகிறான். பெயரும் கதையும் மூலத்திலிருந்து வந்தவை என்பதற்காக அந்தச் சாவும் வந்தே ஆக வேண்டுமா என்பதுதான் படம் முழுவதும் ஓடும் சண்டை. தழுவிப் பிறந்த ஒரு பாத்திரத்தின் ஊரில் அந்தச் சண்டையைத் தொடங்கி வைத்தது பொருத்தமான தேர்வு.

அதே 2023-இல் மார்வெல் பவித்ரவுக்கு மீண்டும் ஐந்து இதழ்த் தொடர் ஒன்றைத் தந்தது. பிரிட்டனில் வாழும் இந்திய வம்சாவளி எழுத்தாளர் நிகேஷ் சுக்லா எழுத, அபிஷேக் மல்சுனி வரைந்தார். முதல் தொடருக்கும் இதற்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. கதைக்குள் அவன் இன்னும் பள்ளிப் பையன்தான்.